உயரும் தெருவும் தாழும் வீடும்

இடிப்பதா, தூக்குவதா என்ற கேள்வி எங்கள் குடும்பத்தில் எழுந்தது மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஐப்பசி மழையில். காவிரிப் படுகையின் ஒரு சிற்றூரில் எங்கள் பாட்டனார் 1931ஆம் ஆண்டு கட்டிய வீடு அது. ரேழி, கூடம், முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், பின்னே கொல்லை என்று நீளும் பழைய அமைப்பு. தெருவிலிருந்து நான்கு படிகள் ஏறித்தான் திண்ணையை அடைய முடியும் என்று எங்கள் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கள் சிறுவயதில் இரண்டு படிகள் இருந்தன. மற்ற இரண்டும் எங்கே போயின என்று அன்று எவரும் கேட்டதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு படிதான் எஞ்சியிருந்தது.

படி குறைந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். முற்றத்து நீரை வெளியேற்றும் தூம்பின் வாய் தெருச் சாக்கடையின் மட்டத்திற்குக் கீழே போய்விட்டதுதான் பெருந்துன்பம். முற்றத்திலிருந்து தெருவுக்குப் போகவேண்டிய நீர், அந்த ஐப்பசி இரவில் தெருவிலிருந்து முற்றத்துக்கு வந்தது. முற்றம் நிறைந்து, தாழ்வாரம் நனைந்து, கூடத்தில் கணுக்கால் அளவு நின்றது. எண்பது வயதைக் கடந்த எங்கள் அத்தை கூடத்து ஊஞ்சலில் கால்களை மடக்கி விடியும்வரை அமர்ந்திருந்தார்.

அடுத்த வாரம் உடன்பிறந்தார் எல்லோரும் கூடினோம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றார் மூத்த அண்ணன். ஜாக்கி வைத்து வீட்டை அப்படியே தூக்கலாம் என்றார் சித்தப்பா மகன். சென்னையில் அவர் அதைக் கண்ணால் கண்டவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தை ஒரே ஒரு சொல் சொன்னார்: "வீடு எங்கடா எறங்குச்சு? தெருவையில்ல ஏத்திட்டான். அவனப் போய்க் கேக்காம என் வீட்ட ஏன் இடிக்கிறீங்க?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம், பொறியியல் நூல்களையும் நகர வரலாறுகளையும் புரட்டத் தொடங்கியது அதனால்தான். தரைமட்டம் என்பதை வகுப்பவர் யார்? அது மாறும்போது விலை கொடுப்பவர் யார்? இவ்விரு கேள்விகளே இக்கட்டுரையின் பொருள்.

மனையும் மட்டமும்

மண்ணுக்கு மேலே எழும்பி நிற்பது என்பது நம் கட்டடக் கலையின் முதல் பாடம். கோயிற் கட்டடத்தில் சுவர் தொடங்குமுன் அதிட்டானம் என்னும் தாங்குதளம் வருகிறது. உபானம், சகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அதற்கு வரிசையான உறுப்புகள் உண்டு. மனை வகுப்பதற்கும் முறை இருந்தது. நூலறிந்தோர் திசை குறித்துக் கயிறிட்டு அரண்மனைக்கு இடம் வகுத்ததை நெடுநல்வாடை விரித்துரைப்பதை மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். ஏழைகளின் வீட்டிலும் இம்மரபு உண்டு. கடைக்கால் தோண்டிய மண்ணையே உள்ளே கொட்டி மேடாக்கி, அதன்மேல் தரை போடுவார்கள். மழைநீர் கூரையிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து தூம்பு வழியே தெருவுக்கும், தெருவிலிருந்து குளத்துக்கும் இறங்கிச் செல்லும். ஒவ்வோர் இடமும் முந்தையதைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும். அந்த வரிசையில் ஓரிடம் உயர்ந்துவிட்டால் நீர் திரும்பி வரும்.

திரும்பி வந்த நீருக்குத் தாராசுரம் நல்ல சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலின் முன்பகுதி, சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் அங்கே நீர் தேங்கி நிற்பதை அவ்வழி சென்றோர் அறிவர். கோயில் தன் இடத்தில்தான் நின்றது. எண்ணூறு ஆண்டுகளில் ஊர்தான் அதைச் சுற்றி மேலெழுந்தது. இடிபாடு, குப்பை, வண்டல், புதிய மண் எல்லாம் படிந்து படிந்து ஊர்கள் உயர்வது உலகெங்கும் உள்ள இயல்பு. தொல்லியலாளர் குழி தோண்டிப் பழமையைத் தேடுவதும் அதனால்தான்.

ஆனால் எங்கள் தெரு எண்ணூறு ஆண்டு காத்திருக்கவில்லை. வண்டிப்பாதை கப்பிச்சாலையாயிற்று, கப்பியின்மேல் தார் வந்தது, பழைய தாரின்மேல் புதிய தார் வந்தது, அதன்மேல் சிமெண்டுச் சாலை வந்தது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவதைவிட, பழையதன்மேலேயே போடுவது எளிது. ஒரு முறை உயர்வது ஓரிரு அங்குலம். எவர் கண்ணையும் அது உறுத்தாது. தொண்ணூறு ஆண்டுகளில் எங்கள் வாசலில் இரண்டரை அடி சேர்ந்துவிட்டது. இதற்கென்று எவரும் ஆணையிடவில்லை. எந்த அவையும் கூடிப் பேசவில்லை. எனவே பொறுப்பாளி என்று சுட்டவும் ஒருவர் இல்லை.

தெருவை உயர்த்துவது என்று அறிந்தே முடிவெடுத்த நகரங்களும் உண்டு. வீட்டைத் தூக்கும் கலை வளர்ந்ததும் அங்கேதான். அவற்றுள் இரண்டு, அமெரிக்காவின் சிகாகோவும் கால்வெஸ்டனும்.

சேற்றிலிருந்து எழுந்த நகரம்

மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த சிகாகோ, ஏரிநீர் மட்டத்தைவிடச் சில அடிகளே உயர்ந்த சதுப்பு நிலத்தின்மேல் வளர்ந்த நகரம். நீர் வடிய வழியில்லை. தெருவெங்கும் சேறு, கழிவுநீரும் குடிநீரும் கலந்தன. 1854ஆம் ஆண்டு வாந்திபேதி நகரை வாட்டியது. மறு ஆண்டு அமைந்த கழிவுநீர் ஆணையம், பாஸ்டன் நகரிலிருந்து எல்லிஸ் செஸ்ப்ரோ என்னும் பொறியாளரை வரவழைத்தது. நிலமோ தட்டை, பூமிக்குள் புதைத்தால் குழாய்க்குச் சரிவு கிடைக்காது. செஸ்ப்ரோ கண்ட வழி வியப்பானது. குழாய்களைத் தெருவின் மேலேயே கிடத்தி, அவற்றை மூடும் அளவுக்குத் தெருவையே உயர்த்திவிடுவது என்பதே அது.

தெரு உயர்ந்தால் வீடுகள் பள்ளத்தில் நிற்கும். ஆகவே வீடுகளும் உயர வேண்டும். மரவீடுகளைத் தூக்கலாம், உருளைகளின்மேல் வைத்து நகர்த்தலாம். செங்கற் கட்டடங்களை என்ன செய்வது? 1858 சனவரியில் நான்கு மாடிச் செங்கற் கட்டடம் ஒன்று முதன்முதலாகத் தூக்கப்பட்டது. 70 அடி நீளம், 750 டன் எடை. 200 திருகு ஜாக்கிகளைக் கொண்டு 6 அடி 2 அங்குலம் உயர்த்தினார்கள். சுவரில் விரிசல் காணவில்லை. 1860இல் லேக் தெருவில் நடந்தது அதைவிடப் பெரிது. 320 அடி நீளத்துக்கு ஒட்டி நின்ற கடைவரிசையை, ஏறத்தாழ 35,000 டன் என்று மதிப்பிட்ட பளுவை, 600 ஆட்களும் 6,000 ஜாக்கிகளும் ஐந்து நாட்களில் 4 அடி 8 அங்குலம் மேலே கொண்டுவந்தனர். கடைகளில் வணிகம் நிற்கவில்லை.

எண்களை வகுத்துப் பார்த்தால் இந்தக் கலையின் உட்பொருள் விளங்கும். ஓர் ஆளுக்குப் பத்து ஜாக்கிகள். ஒரு ஜாக்கிக்கு ஆறு டன்னுக்கும் குறைவான பளு. எந்தத் தனி ஜாக்கியும் பெரும்பளுவைச் சுமக்கவில்லை. எந்தத் தனி மனிதனும் அருஞ்செயல் புரியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருகுவதுதான் முழு வித்தை. ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் சுவர் பிளக்கும். பின்னாளில் படுக்கை வசதி கொண்ட இரயில் பெட்டிகளால் உலகப் புகழ்பெற்ற சார்சு புல்மன், தொடக்கத்தில் இப்படிக் கட்டடம் தூக்கும் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் சேர்த்தவரே.

இந்தச் சாதனைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரருடையது. பொருளுடையோர் உடனே தூக்கினர், இல்லாதோர் காத்திருந்தனர், சிலர் தூக்கவே இல்லை. ஒரே தெருவின் நடைபாதை ஒரு கடைமுன் மேலேயும் அடுத்த கடைமுன் கீழேயும் இருக்க, நடப்போர் ஓயாமல் படியேறிப் படியிறங்க நேர்ந்தது. தொழிலாளர் குடியேறிய பில்சன் பகுதியில், தெருமட்டத்துக்குக் கீழே முற்றமும் முன்வாசலும் அமைந்த பழைய வீடுகளை இன்றும் காணலாம். தெரு மட்டத்தில் நிற்கும் இரண்டாம் தளத்துக்குச் சிறு பாலம்போல் படிகள் செல்லும். நகரத்தின் மையத்தில் தூக்கப்பட்ட பெருங்கட்டடங்கள் பலவும் 1871 பெருந்தீயில் அழிந்துபோயின. தூக்க இயலாதோரின் வீடுகள் தாழ்ந்தபடியே நின்று அக்கதைக்குச் சான்றாகின்றன.

கடல்கோளும் கணக்கும்

புகார் நகரைக் கடல்கொண்டதை மணிமேகலை பேசுகிறது. கடற்கரை நகரத்தார்க்கு அது பழங்கதை அன்று. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் தீவு நகரம் 1900ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று அதைக் கண்டது. அந்நகரின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து ஒன்பதடிக்கும் குறைவு. புயலோடு எழுந்து வந்த கடலோ பதினைந்தடிக்கு மேல். ஓரிரவில் ஆறாயிரம் பேருக்குக் குறையாமல் மாண்டனர். எண்ணாயிரம் என்பாரும் உளர். 3,600 வீடுகள் அழிந்தன.

எஞ்சியோர் நகரைக் கைவிடவில்லை. மூன்று பொறியாளர் கொண்ட குழு அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கிய ஹென்றி மார்ட்டின் இராபர்ட் இராணுவப் பொறியாளர். ஆனால் உலகம் அவரை அறிந்தது வேறொன்றால். கூட்டங்களை எவ்வாறு நடத்துவது, தீர்மானத்தை எவ்வாறு முன்மொழிந்து வாக்கெடுப்பது என்பதற்கு 1876இல் விதிநூல் வகுத்தவர் அவரே. ஒரு நகரத்தின் தரைமட்டத்தை முடிவுசெய்ய, அவை நடத்தும் முறையை எழுதியவரே வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆயினும் பொருத்தமான தற்செயல்.

குழு சொன்னவை இரண்டு. கடலோரம் 17 அடி உயரத்தில் மதில் எழுப்புக. அதன் பின்னே நகரத்தை உயர்த்துக. மதில் மூன்று மைல் தொலைவுக்கு 1902 முதல் 1904 வரை எழுந்தது. நகரத்தை உயர்த்தும் பணி 1911 வரை நீண்டது. மதிலையொட்டி மிக உயரமாகவும், அங்கிருந்து விரிகுடாவை நோக்கி 1,500 அடிக்கு ஓரடி வீதம் சரிவாகவும் நிலம் அமையவேண்டும் என்று கணக்கிட்டனர். நகரைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கரை எழுப்பி, தூர்வாரும் கப்பல்கள் கொணர்ந்த மணற்குழம்பைக் குழாய் வழியே உள்ளே பாய்ச்சினர். நீர் வடிந்தது, மணல் தங்கியது. இடத்துக்கேற்பச் சில அங்குலம் முதல் பதினோரு அடிவரை நிலம் உயர்ந்தது.

மணல் பாயுமுன் வீடுகள் மேலே போயாக வேண்டும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஜாக்கிகளின்மேல் ஏறின. தண்ணீர்க் குழாய்களும் டிராம் தண்டவாளங்களும் ஏறின. 3,000 டன் எடையுள்ள புனித பாட்ரிக் தேவாலயம் 700 ஜாக்கிகளால் ஐந்தடி உயர்ந்தது. உயர்த்திய வீடுகளுக்கிடையே மரப்பலகை நடைபாதைகள் கட்டி மக்கள் பள்ளிக்கும் கடைக்கும் போய்வந்தனர். உப்புமணல் பட்டு மரங்களும் தோட்டங்களும் பட்டுப்போயின. நகரத்துப் பெண்கள் சங்கமொன்று முன்னின்று மீண்டும் மரம் நட்டது. இங்கும் வீட்டைத் தூக்கும் செலவு உடையவருடையதே. ஆனால் எவ்வளவு உயரம், எத்தகைய சரிவு, எந்த ஆண்டு எந்தக் கட்டம் என்பதை வீட்டுக்காரர் முன்கூட்டியே அறிந்திருந்தார். 1915 ஆகஸ்டில் முந்தையதை ஒத்த புயல் வந்தபோது மதில் தாங்கியது. உயர்ந்த நகரினுள் இறந்தோர் மிகச் சிலர்.

தூக்காமல் புதைந்த மாளிகையும் அங்கே ஒன்றுண்டு. 1859இல் சேம்சு மோரோ பிரவுன் என்னும் வணிகர் கட்டிய ஆஷ்டன் வில்லா செங்கல் மாளிகை 1900 புயலைத் தாங்கி நின்றது. தரையை உயர்த்தியபோது அதைத் தூக்கவில்லை. நிலவறையை மணலால் நிரப்பிவிட்டு, சுற்றிலும் நிலத்தை உயர்த்தினர். வாசலில் நின்ற வார்ப்பிரும்பு வேலியின் அடிப்பகுதி மண்ணுக்குள் போயிற்று. குள்ளமாகத் தெரியும் அவ்வேலி இன்றும் பழைய தரை எங்கே இருந்தது என்று காட்டிக்கொண்டிருக்கிறது. வீடு தப்பியது, அதன் உருவ அளவு மாறிவிட்டது.

எவ்வளவு உயரம்?

இந்த வேலி எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பழைய வீட்டைக் காப்பது என்றால் எதைக் காப்பது? சுவரையா, சுவருக்கும் தெருவுக்கும் இருந்த உறவையா? இக்கேள்வி இன்று உலகளாவியது. 2008 செப்டம்பரில் ஐக் புயல் விரிகுடாப் பக்கமிருந்து கால்வெஸ்டனுக்குள் நீரைக் கொணர்ந்தபின், பழைய மரவீடுகள் பலவற்றை மீண்டும் உயர்த்த வேண்டியதாயிற்று. அமெரிக்க தேசியப் பூங்காத்துறை 2021இல் வெளியிட்ட நெறிமுறைகள், தொன்மையான கட்டடங்களை வெள்ளத்துக்குத் தக மாற்றும்போது அவற்றின் தோற்ற இயல்பு கெடாமல் காப்பது எப்படி என்பதைப் பேசுகின்றன. உயரம் கூடக்கூட வெள்ளத்திலிருந்து வீடு விலகும். தன் தெருவிலிருந்தும் விலகும்.

எங்கள் வீட்டைப் பார்க்க வந்த மேற்பார்வையாளர் அரியானாக்காரர். இத்தொழிலில் தமிழகமெங்கும் காணப்படுவோர் பெரும்பாலும் அம்மாநிலத்தவரே. உடைந்த தமிழில் அவர் விளக்கியதைக் கேட்டபோது சிகாகோ 1858 கண்முன் நின்றது. கடைக்காலுக்குச் சற்று மேலே சுவரில் சிறுசிறு இடைவெளிவிட்டுக் கல்லைப் பெயர்க்க வேண்டும். இரும்புச் சட்டங்களைச் செருக வேண்டும். கீழே ஜாக்கி நிறுத்த வேண்டும். பிறகு ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒன்றாகத் திருக வேண்டும். ஏறிய இடைவெளியில் புதிய சுவர் கட்டி மூட வேண்டும். ஏறத்தாழ நூற்றறுபத்தைந்து ஆண்டுகளில் அடிப்படை மாறவில்லை.

"நாலு அடி ஏத்திடலாம் சார். முப்பது வருசம் கவலையில்ல" என்றார் அவர். அண்ணனுக்கும் அது பிடித்திருந்தது. அத்தை திண்ணையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "நாலடி ஏத்தினா அப்புறம் இதுல யாரு வந்து உக்காருவா?"

திண்ணை என்பது மேடை அன்று. தெருவில் போகிறவர் இளைப்பாற, வீட்டுக்காரரிடம் கேளாமலே அமரத்தக்க உயரத்தில் அமைந்தது அது. இடுப்பளவுக்கு மேல் போய்விட்டால் அது மதில். எனவே இரண்டரை அடி என்று முடிவாயிற்று. தெரு எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட அளவு அது, அதைமட்டும் மீட்டுக்கொண்டோம்.

மீட்க முடியாதவை பல. திண்ணை தன் வயிற்றில் மண் நிரம்பிய கட்டுமானம். அதைத் தூக்க இயலாது, இடித்துப் புதிதாகக் கட்டத்தான் முடியும். தொண்ணூறு ஆண்டு நடந்து வழவழப்பேறிய கூடத்துச் சிவப்புத்தரை பெயர்ந்தது. வீட்டைத் தூக்குகிறவர் சுவரைத் தூக்குகிறார், தரையைத் தூக்குவதில்லை என்பதை நாங்கள் அன்றுதான் உணர்ந்தோம். கொல்லைப்புறத்து அறைகள் இரண்டின் சுவர்களைப் பாட்டனார் சிக்கனம் கருதி மண்சாந்தில் எழுப்பியிருந்தார். சட்டம் செருகியதும் கல் உதிர்ந்தது. அவற்றைக் கைவிட்டோம். முன்பகுதி சுண்ணாம்புக் காரைச் சுவர்; அது தாங்கியது. முற்றத்துத் தேக்குத் தூண்கள் நான்கும் தத்தம் கல்லோடு மேலே வந்தன. ஆக, "வீட்டை அப்படியே தூக்கினோம்" என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பாதி தூக்கினோம், பாதி மீண்டும் கட்டினோம்.

மழையும் மனுவும்

அடுத்த ஐப்பசி மழையில் எங்கள் முற்றத்து நீர் தூம்பு வழியே ஒழுங்காக வெளியேறியது. அத்தை ஊஞ்சலில் கால் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார். மகிழ்ச்சியோடு வாசலுக்கு வந்த நாங்கள் கண்டது வேறு. எங்கள் முற்றத்து நீரும் கூரை நீரும் சேர்ந்து, தாழ்ந்தே கிடந்த அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றன. தனியே வாழும் அந்த அம்மாள் வாசற்படியில் மணல்மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "நீங்க தூக்கிட்டீங்க. எங்களுக்கு ஏது அவ்வளவு காசு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, அதனாலேயே அச்சொல் தைத்தது.

நாம் படித்த நூல்கள் அத்தனையும் அந்த வாசலில் பொருள்பட்டன. கால்வெஸ்டன் செய்தது நகரத்தைத் தூக்குதல். எங்கள் குடும்பம் செய்தது நகரத்திலிருந்து தப்பித்தல். கருவி ஒன்றுதான், ஆனால் தரைமட்டம் பொதுச்சொத்து. அதை ஒருவர் தனக்கென்று மாற்றிக்கொள்ளும்போது பிறர் நிலம் அந்த அளவுக்குத் தாழ்கிறது. பாட்டனார் காலத்துத் தெருவில் எல்லார் திண்ணையும் ஏறத்தாழ ஒரே உயரம். இன்றோ எங்கள் தெரு சிகாகோவின் நடைபாதைபோல் ஏறியிறங்குகிறது.

அத்தை கேட்ட முதற்கேள்விக்கு அப்போதுதான் திரும்பினோம்: "அவனப் போய்க் கேக்காம..." கேட்க வழி இருக்கிறது. 2021 மே மாதம் தமிழக அரசின் தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்றிருந்த வெ. இறையன்பு, சாலைகளைப் புதுப்பிக்கும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய பரப்பை இடவேண்டும், வீடுகள் தாழும்படி சாலை உயரக்கூடாது என்று அறிவுறுத்தினார். தரைமட்டத்தைப் பற்றி எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது என்பதே பெரிது. ஆனால் அறிவுறுத்தல் தெருவுக்கு வந்துசேர வேண்டுமானால், தெருவின் இன்றைய மட்டம் என்ன என்று யாரேனும் குறித்து வைத்திருக்க வேண்டும். அளவு தெரியாமல் உயர்வை எப்படிக் காட்டுவது?

சிகாகோ நகரம் 1847ஆம் ஆண்டு ஏரியின் தாழ்நீர் மட்டத்தைத் தன் ஆதாரமட்டமாகக் கொண்டு, எல்லா உயரங்களையும் அதிலிருந்தே அளந்தது. நம் நாட்டுக்கும் அத்தகைய அடிப்படை உண்டு. ஒன்பது துறைமுகங்களில் கடலின் ஏற்றவற்றத்தை அளந்து 1909இல் இந்திய நில அளவைத்துறை நாட்டின் உயர அளவுக்கு அடிப்படை வகுத்தது. அந்த ஒன்பதில் சென்னை ஒன்று. எங்கள் காவிரிப்படுகையின் நாகப்பட்டினம் மற்றொன்று. கடலருகே நின்று நாடு முழுவதற்கும் மட்டம் தந்த ஊர் நம் அண்டையில் இருக்க, நம் வாசலின் மட்டம் நமக்குத் தெரியாது.

எனவே எளிய செயலொன்று செய்தோம். திண்ணையை மீண்டும் கட்டிய கொத்தனாரிடம் சொல்லி, வாசல் மூலையில் நட்ட கருங்கல்லில் அன்றைய தெருமட்டத்துக்கு ஒரு கோடு வெட்டச் செய்தோம். அருகே ஆண்டையும் பொறித்தார். பின்னர் தெருவில் பதினொரு வீட்டார் அதுபோல் தத்தம் வாசலில் கோடு குறித்தனர். அடுத்த வீட்டு அம்மாளுக்கு அவர் வாசற்சுவரில் நாங்களே வெட்டித் தந்தோம். எங்கள் தூம்பின் நீரை அவர் வாசலுக்குப் போகாமல் கொல்லைப்புறத்து வாய்க்காலுக்குத் திருப்பினோம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். சுரண்டாமல் சாலை போடக்கூடாது என்று எல்லோரும் ஒப்பமிட்ட மனு ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். மனுவின் முதற்கையெழுத்து அத்தையுடையது.

சாலை இன்னும் போடப்படவில்லை. மாலை வேளைகளில் தெருவில் போவோர் சிலர் எங்கள் திண்ணையில் அமர்கிறார்கள். கல்லில் உள்ள கோடு என்னவென்று கேட்பவரிடம் அத்தை, "தெருவோட கணக்கு" என்கிறார்.